பழைய கியர் சைக்கிளுக்கு கிராங் மாற்றப் போகும் பெற்றோருக்கு



பெற்றோரே, பழைய மாணவர்களே, சைக்கிள் கடை வைத்திருக்கும் காக்காமாரே, தம்பிமாரே. பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் போய் கியர் சைக்கிள்களின் கிராங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். பலவற்றில் ஆடுகிறது. அதுவும் பெரும்பாலும் இடது பக்கம். சிலவற்றில் கிராங்குக்கும் அச்சுக்கும் இடையில் பால்மா டின் தகரம் செருகியிருக்கிறது. ஒரு பிள்ளை கிராங்கைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். முதல் பாடம் போய்விட்டது. அது வந்த வழியில் கழன்று விழுந்ததால் பாடம் மட்டும் போனது. மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் ஓடுகிற சீனக்குடாப் பக்கத்து றோட்டில், பெடலில் எழும்பி நின்று மிதிக்கிற நேரத்தில் கழன்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிற வழியில் என்ன நடக்கலாம் என்பதை 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் பார்த்த மாவட்டம் இது. எங்களுக்கு யாரும் வந்து விளக்கத் தேவையில்லை.

கிராங் ஆடுகிறது என்று கடைக்குப் போனால் மூன்று பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, சுத்தியலால் நாலு அடி, இடையில் ஒரு தகரம். இரண்டு, "முழு செட்டையும் மாத்தணும்." மூன்று, "இந்தப் பழைய இரும்புக்கு ஏன் காசு செலவழிக்கிறீங்க, புதுசு ஒண்டு எடுங்க." மூன்றையும் நாங்கள் எதிர்க்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் சுத்தியல். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். வாப்பாமார் ஓட்டிய றலி சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிடித்துக்கொண்டிருந்தது கொட்டர் பின். அதை அடித்துத்தான் இறுக்க வேண்டும், அடித்துத்தான் கழற்ற வேண்டும். அந்தக் காலத்துக்கு சுத்தியல் சரியான ஆயுதம். இப்போது பிள்ளைகள் ஓட்டுகிற பழைய கியர் சைக்கிள்களில் கொட்டர் பின் கிடையாது. அச்சின் நுனி சதுரமாக, கொஞ்சம் கூம்பிப் போயிருக்கும். கிராங்கின் சதுரத் துளை அதில் ஏறி, ஒரு போல்ட்டால் இறுகி உட்கார வேண்டும். அச்சு உருக்கு, கிராங் அலுமினியம். போல்ட் தளர்ந்த கிராங்கோடு சில நாள் ஓட்டினாலே உருக்குச் சதுரம் அலுமினியத் துளையைத் தின்று வட்டமாக்கிவிடும். அதற்குப் பிறகு எந்த இறுக்கும் நிற்காது. சுத்தியலால் அடித்தால் அந்த அடி அச்சு வழியாக உள்ளே இருக்கிற பெயாரிங்குக்குப் போய் அதையும் பழுதாக்கும். தகரம் ஒரு கிழமைக்குத் தாங்கும். அடுத்த கிழமை இன்னொரு தகரம். துளை வட்டமான கிராங்குக்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் இடது கை மட்டும் பழுதென்றால் இடது கையை மட்டும் மாற்றலாம். அது தனியாகவும் விற்கிற சாமான். இதை எத்தனை கடையில் சொல்கிறார்கள்?

அடுத்தது "முழு செட்" கதை. செயின், பிரீவீல், முன் செயின் வீல், அச்சு, பெயாரிங் எல்லாம் ஒன்றாகத்தான் தேயும் என்று அடித்துச் சொல்கிறார்கள். சில சைக்கிளில் உண்மை. எல்லாச் சைக்கிளிலும் இல்லை. எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்க பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம், பிள்ளையின் பையில் இருக்கிற அடிமட்டம் போதும். செயினின் ஒரு ஆணியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வையுங்கள். புதுச் செயினில் 24 ஆணி தள்ளி வருகிற ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 12 அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கும் வந்தால் செயினை மாற்றுங்கள், மற்றவை அநேகமாகப் பிழைத்திருக்கும். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினோடு பின்பக்கப் பற்களும் போயிருக்கும். முன் பற்களைக் கண்ணாலேயே பாருங்கள். தேயாத பல் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இருக்கும். தேய்ந்த பல் சுறாச் செட்டை மாதிரி ஒரு பக்கம் வளைந்து கூராகும். துறைமுகத்தூர்ப் பிள்ளைகளுக்குச் சுறாச் செட்டை எப்படியிருக்கும் என்று படம் வரைந்து காட்டத் தேவையில்லை.

ஆட்டமும் அப்படித்தான். இரண்டு கிராங் கையையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பெயாரிங் பழுது, கிராங்கில் பிழை இல்லை. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கைதான். ஒரு நிமிட வேலை. இதைப் பார்க்காமலே விலை சொல்கிற கடையில் சைக்கிளை விட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்றாவது, "புதுசு எடுங்க." இந்தச் சைக்கிள்கள் வந்த கதையை ஊர் மறந்துவிட்டது. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் இல்லை. ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் என்றார்கள். அப்போது வீட்டுக் கோடியில் கிடந்த பழைய கியர் சைக்கிள்கள், ஜப்பானில் பாவித்து இங்கே வந்து விலைப்பட்ட மவுண்டன் சைக்கிள்கள் எல்லாம் தூசி தட்டி வெளியே வந்தன. வைத்தியசாலைக்கு வேலைக்குப் போனவரும் மீன் விற்றவரும் அதில்தான் போனார்கள். பெற்றோல் வந்ததும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினோம், சைக்கிள் பிள்ளைக்குப் போனது. அந்த பிரேம்களில் பல இன்றைக்கும் நல்ல உறுதி. பளபளப்பாக நிறம் அடித்து, சஸ்பென்ஷன் என்று சொல்லி முன்னுக்கும் நடுவுக்கும் ஸ்பிரிங் வைத்து விற்கிற மலிவான புதுச் சைக்கிளின் கிராங்கைத் திருப்பிப் பாருங்கள். அழுத்தி எடுத்த இரும்புத் தகட்டில் பற்கள், ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும், மேலே பிளாஸ்டிக் மூடி. ஒரு பல் வட்டு தேய்ந்தால் முழுக் கிராங்கையும் எறிய வேண்டியதுதான். உறுதியான பிரேமை இரும்புக்காரருக்கு நிறுத்துப் போட்டுவிட்டு இதையா வாங்குவது? வீண்விரயத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை குத்பாவில் கேட்கிறோம். அது கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் சொன்ன விசயம் இல்லை.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால் எதை எடுப்பது? இங்கேதான் காசு வீணாகிறது. கண்ணுக்கு அழகாக இருப்பதையும் கடையில் இருப்பதையும் வாங்காமல், உங்கள் சைக்கிளின் அளவுக்கு வாங்குங்கள்.

பிரேமின் கீழே அச்சு போகிற குழாயின் அகலம் பழைய மவுண்டன் சைக்கிளில் பெரும்பாலும் 68 மி.மீ., சிலவற்றில் 73 மி.மீ. அதை அளந்து எழுதுங்கள். அடுத்தது அச்சின் நீளம். மூடிய பெயாரிங் குழாயாக வருகிற வகையில் 110, 113, 122.5 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். புதுக் கிராங் எந்த நீள அச்சைக் கேட்கிறது என்று பார்க்காமல் பழைய அச்சிலேயே மாட்டுவதுதான் இங்கே நடக்கிற பெரிய பிழை. அச்சு நீண்டுபோனால் செயின் வெளியே தள்ளி நிற்கும், முன் கியர் மாற்றி பெரிய வட்டுக்கு எட்டாது. குறைந்துபோனால் உள்வட்டு பிரேமை உரசும். பிறகு கியர் சரியில்லை என்று கேபிளை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கேபிளில் ஒரு குற்றமும் இருக்காது.

பல் வட்டு போல்ட்டால் பூட்டியதாக இருக்க வேண்டும். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். போல்ட் என்றால் தேய்ந்த வட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் போல்ட் வட்டத்துக்கும் அளவு உண்டு, எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நாலு போல்ட் கிராங்கில் பக்கத்துப் பக்கத்து இரண்டு துளைகளின் நடுவை அளந்தால் ஏறத்தாழ 73.5 மி.மீ. வரும் என்றால் அது 104 மி.மீ. விட்டம், இன்றைக்கும் வட்டு கிடைக்கிற அளவு. ஐந்து போல்ட்டில் 64.7 வந்தால் 110, 55 சொச்சம் வந்தால் 94. இந்த 94 அளவு 1990களின் நடுவில் கொஞ்சக் காலம் ஓடிவிட்டுப் போனது, வட்டு தேடி அலைய வேண்டிவரும். பக்கத்துத் துளைத் தூரத்திலிருந்து வட்டத்தின் விட்டம் எப்படி வருகிறது என்று பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். திரிகோண கணிதம் வாழ்க்கைக்கு உதவாது என்று சொல்கிறவர்களுக்கு இது எங்கள் பதில்.

6, 7, 8 கியர் செயின்கள் ஒன்றுக்கொன்று பொருந்திவருபவை. ஆகவே பின்னால் 6 அல்லது 7 பல் வட்டுள்ள பழைய சைக்கிளுக்கு 8 கியருக்கென்று வந்த கிராங் தாராளமாகப் போதும். 10, 11 கியர் கிராங்தான் நல்லது என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கிராங் கையின் நீளம் பின்பக்கத்தில் குத்தியிருக்கும். பெரியவர்களின் மவுண்டன் சைக்கிளில் 170 அல்லது 175 மி.மீ. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 175 கூடிப்போனது, முழங்கால் நெஞ்சுக்கு ஏறும். 170 எடுங்கள், கிடைத்தால் இன்னும் குறைந்ததை எடுங்கள்.

பல் எத்தனை? இளைஞர்கள் 48 கேட்கிறார்கள், பெரிய வட்டு அழகாம். கணக்குப் பார்ப்போம். 26 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு 2 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். முன் 48, பின் 14 என்றால் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 7 மீற்றர். நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம். பையைச் சுமந்துகொண்டு கச்சான் காற்றுக்கு எதிராக அந்த வேகத்தில் யார் போகிறார்? முன் 36, பின் 14 என்றால் அதே மிதிக்கு 22 கிலோமீற்றர். எங்கள் ஊர் தட்டை. உவர்மலை ஏற்றத்தையும் கிண்ணியாப் பாலத்தின் எழுச்சியையும் விட்டால் மலை என்று சொல்ல இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, இருப்பது காற்று. 36 பல் முன்னாலும் 14 முதல் 28 வரை பின்னாலும் இருந்தால் இந்த மாவட்டத்தில் பாடசாலைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் போதும். மூன்று வட்டுக் கிராங்கின் நடு இடத்தில் 36ஐ மட்டும் பூட்டி, மற்ற இரண்டையும் கழற்றி, முன் கியர் மாற்றியையும் அதன் கேபிளையும் எடுத்துவிடுங்கள். வட்டு ஒன்றானதும் கட்டையான போல்ட் கேட்கும், அதையும் சேர்த்து வாங்குங்கள். பழுதாகிற சாமான் குறையும்.

வெளிவட்டு இருந்த இடம் அப்போது வெறுமையாகும். அங்கே பல் இல்லாத காப்பு வளையம் ஒன்றைப் பூட்டலாம், அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது. இதைப் பெண்பிள்ளைகளின் பெற்றோர் கவனமாக வாசிக்க வேண்டும். சல்வாரின் விளிம்போ அபாயாவின் விளிம்போ செயினுக்கும் பல்லுக்கும் இடையில் போய் மகள் விழுந்தால் அடுத்த நாள் வாப்பா சொல்வது, "இனி சைக்கிள் வேண்டாம்." அதோடு அவளுடைய மாலை நேர வகுப்பு நிற்கிறது, அல்லது ஓட்டோவுக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும், அல்லது தம்பிக்கு நேரம் கிடைக்கும் வரை அவள் காத்திருக்க வேண்டும். உடுப்பிலும் பிள்ளையிலும் குற்றம் கண்டுபிடித்தோம். செயின் திறந்து கிடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. பழைய லேடீஸ் சைக்கிளில் செயினை மூடி உறை வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கியர் சைக்கிள் வந்த பிறகு எங்களுக்குத்தான் மறந்துபோனது. காப்பு வளையம் முழு உறைக்கு ஈடில்லை, ஆனால் துணி பல்லில் ஏறுவதைப் பெரும்பாலும் தடுக்கும். நாலு போல்ட்டில் தீர்கிற விசயத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்பு குறையக் கூடாது.

பெயருள்ள கம்பனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? வாங்கக் கூடாது. 1997 ஜூலையில் ஷிமானோ கம்பனி அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 இலட்சம் கிராங்குகளைத் திருப்பி அழைத்தது. அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவோடு சேர்ந்து வந்த அறிவித்தல் அது. ஓடும்போது கிராங் கை முறிந்ததாக 600க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் போயிருந்தன. எல்லாம் அந்தக் காலத்து மவுண்டன் சைக்கிள்களில் வந்த கிராங். எண்கள் மூன்று: எஃப்சி-சிடி90, எஃப்சி-எம்290, எஃப்சி-எம்சி12. பாவித்த சாமானாக நாடு நாடாகச் சுற்றிவருகிற சைக்கிள்கள் அந்த வயதுக்காரர்கள்தான். இன்றைக்கே குனிந்து கிராங் கையின் பின்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், எண் குத்தியிருக்கும். இந்த மூன்றில் ஒன்றென்றால் ஆடாவிட்டாலும் மாற்றுங்கள். பழைய சாமான் எல்லாம் தங்கம் என்று பேசுகிற பெரியவர்களுக்கும் இதைக் காட்டுங்கள்.

புதியதும் விலைகூடியதும்தான் பாதுகாப்பு என்கிறவர்களுக்கு இன்னொன்று. 2023 செப்டெம்பரில் அதே கம்பனி, பந்தய றோட் சைக்கிள்களுக்கான தன் உயர்ந்த விலைக் கிராங்குகளில் ஒரு வகையைப் பரிசோதனைக்கு அழைத்தது. இரண்டு துண்டை ஒட்டிச் செய்த கை பிரிந்துபோனதாக 4,500க்கு மேற்பட்ட முறைப்பாடுகள். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,80,000 கிராங். மவுண்டன் சைக்கிளுக்கு வருகிற வெளிப்பெயாரிங் கிராங் வேறு விசயம், அது கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. உறுதியானது, பூட்டுவதும் லேசு. 68, 73 மி.மீ. குழாய்க்குப் பொருந்தும். ஆனால் அதன் பெயாரிங் பிரேமுக்கு வெளியே, மணலும் சேறும் நேரே படுகிற இடத்தில் இருக்கிறது. வாடைக்காலத்தில் கணுக்கால் தண்ணீரில் மிதித்து வருகிற பிள்ளைக்கு, மூடிய பெயாரிங்குள்ள சதுர அச்சுதான் எங்கள் தெரிவு. விலையும் குறைவு.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு சொல். உருக்கும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரித்துப் பிடித்துவிடும். உட்துறைமுகப் பக்கம் வீட்டு வாசலில் சைக்கிள் விடுகிறவர்களுக்கு இது தெரியும். அச்சுக் குழாயின் புரிக்கும் பெடல் புரிக்கும் கிராங் போல்ட்டின் புரிக்கும் கிறீஸ் பூசாமல் பூட்ட விடாதீர்கள். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கம் திரும்பும். அச்சின் வலது பக்கக் கப்பும் அப்படித்தான். அதைத் தெரியாமல் முழுப்பலத்தில் திருப்பி புரியைச் சாப்பிட்ட பிரேம்களையும் கண்டிருக்கிறோம்.

கடைக்காரச் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். நேர்மையாகப் பார்த்து, "இதை மாத்தத் தேவையில்ல, கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு முதஃப்பிபீன் சூராவை ஓதிக்கொடுக்கிறோம், அளவை நிறுவையில் குறைப்பவர்களைப் பற்றி விளக்குகிறோம். தேயாத பிரீவீலைத் தேய்ந்தது என்று சொல்லிக் கழற்றி வைப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். எங்களிடம் விடுகிற சைக்கிள் ஒரு அமானிதம்.

பெற்றோருக்கும் சொல்லத்தான் வேண்டும். சாமானுக்கு விலை கேட்டால் கொடுக்கிறோம், கூலிக்கு மட்டும் பேரம் பேசுகிறோம். ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து ஆட்டம் பார்த்து, அச்சைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசிப் பூட்டியவருக்கு தேத்தண்ணிக் காசு கொடுத்துவிட்டு வந்தால் அவர் பிறகு எதில் உழைப்பது? சாமானில்தான் உழைப்பார். அளந்து பார்த்ததற்கு, சரியான அச்சு நீளத்தைத் தேடி எடுத்ததற்குக் கூலி கொடுங்கள். "முழு செட்" என்ற பேச்சு பாதி அங்கேயே நின்றுவிடும்.

வாத்திமாருக்கு இந்த வேலை ஏன் என்று கேட்கிறவர்கள் காலை ஏழேகாலுக்கு எங்கள் கேற்றடியில் வந்து நிற்கட்டும்.

கிராங் கழற்றுகிற புல்லர் ஒன்றை ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை முன்னால் கொண்டுவந்து பார்க்கலாம், காசு வேண்டாம். கடைக்காரரும் வந்து பாவிக்கலாம். இரண்டு விசயம் மட்டும். போல்ட்டையும் அதன் கீழிருக்கிற வாசரையும் எடுத்துவிட்டுத்தான் புல்லரை ஏற்ற வேண்டும். கிராங்கின் புரியில் அது முழுவதுமாகக் கையால் ஏறி உட்கார்ந்த பிறகே சாவியைப் போட வேண்டும், பாதியில் திருப்பினால் புரி கழன்று கையோடு வரும். அடிமட்டத்தையும் பழைய துணி ஒன்றையும் பிள்ளையே கொண்டுவரட்டும். அளப்பது பிள்ளைதான்.

பெண்பிள்ளைகளின் சைக்கிள்களை முதலில் பார்ப்போம். அவர்கள் மஃரிபுக்கு முன் வீடு போக வேண்டும்.